அடுக்கம் வீட்டுச் சுவரும் ஏழு டப்பா பெயிண்டும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை மாத்தல. திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் வெட்டியிருக்கோம்.)

போன மாசம் ஏன் எபிசோட் வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. காரணம் பெயிண்ட். சீரியஸா, பெயிண்ட்தான்.

எங்க அப்பத்தா வீடு அடுக்கத்துல இருக்கு. கொடைக்கானல் தாலுகா. பெருமாள்மலையில இருந்து கும்பக்கரை, பெரியகுளம் பக்கம் இறங்குற ரோட்டுல வர்ற மலைக்கிராமம். சுத்தி காபி, வாழை, ஆரஞ்சு. கல்லும் மண்ணும் வெச்சுக் கட்டின பழைய வீடு, பின்னாடி அப்பா காலத்துல ஹாலோ பிளாக்ல எடுத்த ஒரு ரூம். கொஞ்ச நாள் அங்க இருந்தே வேலை பார்க்கலாம்னு லேப்டாப்போட போனேன். வீடியோ கால்ல எனக்குப் பின்னாடி சுவர் கறை கறையா தெரிஞ்சது. சரி, முன் ரூமை மட்டும் பெயிண்ட் அடிச்சிடுவோம்னு இறங்கினேன்.

கலர் எடுக்க நான் என்ன பண்ணேன் தெரியுமா? ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். கடையில கொடுத்த ஷேட் கார்டுல இருந்து முப்பது கலர், அதுல இருந்து பன்னெண்டு, கடைசியா ஏழு. நாலு வெள்ளை வகையறா, ஒரு நீலம், ஒரு பச்சை, ஒரு செங்கல் கலர். ஏழுக்கும் 200 மி.லி. சாம்பிள் டப்பா. சுவர்ல ஏழு சதுரம் அடிச்சு, காலையில, மதியம், டியூப் லைட்லன்னு மூணு வேளை போட்டோ எடுத்தேன்.

அப்பத்தா வந்து பார்த்துச்சு. "ஏப்பா, சுவத்துக்குத் தேமல் வந்திருக்கு?"ன்னு கேட்டுச்சு.

மூணு வாரம் மழை. கீழ் வரிசைச் சதுரங்கள் கொப்புளம் கட்டி உரிய ஆரம்பிச்சது. ஒரு கொப்புளத்தைக் கத்தியால சுரண்டினேன். உள்ளே இன்னொரு கலர். அதுக்குள்ள இன்னொண்ணு. இந்த எபிசோட் அந்தச் சுரண்டல்ல இருந்து வந்ததுதான்.

சங்கப் பாட்டுகள்ல 'அடுக்கம்'னா மலைச்சரிவு. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின மாதிரி இருக்கிற மலை. அந்தச் சுவரும் அப்படித்தான் இருந்துச்சு. மேலே என் எமல்ஷன், அதுக்குக் கீழே மஞ்சள் டிஸ்டம்பர், அதுக்கும் கீழே எத்தனை பூச்சுன்னு எண்ண முடியாத வெளிர் நீலச் சுண்ணாம்பு. நம்ம பாஷையில சொன்னா, அந்த வீட்டோட கமிட் ஹிஸ்டரி.

அடியில இருந்தது சுண்ணாம்பு

சுண்ணாம்போட கதை ஒரு வட்டம். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுமார் 900 டிகிரியில சூளையில சுட்டா, அதுல இருக்கிற கார்பன் டைஆக்சைடு வெளியே போயிடும். மிஞ்சுறது சுட்ட சுண்ணாம்பு. மதுரையில காளவாசல் ஸ்டாப்ல இறங்கியிருப்பீங்க. காளவாசல்ங்கிற சொல்லுக்கே சூளைன்னுதான் அர்த்தம். சுட்ட சுண்ணாம்புல தண்ணி ஊத்தினா கொதிச்சு நீர்த்துப் போகும். அதைக் கரைச்சுச் சுவர்ல அடிச்சா, காத்துல இருக்கிற கார்பன் டைஆக்சைடைத் திரும்ப எடுத்துக்கிட்டு மறுபடி கல்லா மாறுது. அதாவது நம்ம பாட்டிமார் அடிச்சது ஒரு மெல்லிசான கல் பூச்சு.

பொங்கலுக்கு முன்னாடி வீட்டுக்கு வெள்ளையடிக்கிறது இங்க வருஷா வருஷம் நடக்கிற வேலை. அப்பத்தா சொன்ன செய்முறை இது: பானையில சுண்ணாம்பு நீர்த்து, துணியில வடிகட்டி, ஒட்டுறதுக்கு வஜ்ஜிரம் காய்ச்சி ஊத்தி, கடைசியா கொஞ்சம் நீலம். மட்டையோட நுனியைத் தட்டி நார் பிரிச்சா அதுதான் பிரஷ்.

அந்த நீலத்துக்குள்ள ஒரு பெரிய உலகக் கதை இருக்கு. அல்ட்ராமரின்னு சொல்ற நீலத்தை ஒரு காலத்துல ஆப்கானிஸ்தானோட பதக்ஷான் சுரங்கத்துல கிடைக்கிற லாபிஸ் லாசுலி கல்லை அரைச்சுத்தான் எடுத்தாங்க. ஐரோப்பிய ஓவியர்களுக்கே கட்டுப்படியாகாத விலை. 1824-ல பிரான்ஸ்ல ஒரு தொழில் வளர்ச்சிச் சங்கம், இதைச் செயற்கையா மலிவா செய்றவங்களுக்கு 6,000 ஃபிராங்க் பரிசுன்னு அறிவிச்சது. நாலு வருஷத்துல, 1828-ல, ஜான் பாப்டிஸ்ட் கிமேங்கிறவர் அதை வாங்கினார். அதுக்கப்புறம் களிமண், சோடா, கந்தகம், கரி வெச்சுச் சூளையில செய்ற சரக்கா ஆயிடுச்சு. துணிக்குப் போடுற நீலமா உலகம் பூரா போச்சு. நம்ம ஊர்ல அது ராபின் ப்ளூ. ராஜாக்கள் ஓவியத்துல இருந்த அதே நீலம், சில்லறைக் காசுக்கு மலைக்கிராமத்து மளிகைக் கடைக்கு வந்து சேர்ந்துச்சு.

அதைச் சுண்ணாம்புல ஏன் கலக்கணும்? சுண்ணாம்பு காய்ஞ்சா லேசா மஞ்சள் அடிக்கும். துளி நீலம் அந்த மஞ்சளைச் சமன் பண்ணி, வெள்ளையை இன்னும் வெள்ளையா காட்டும். துளி கூடினா வெளிர் நீலம். எங்க வீட்டுல வருஷா வருஷம் துளி கூடியிருக்கு போல.

இங்கதான் எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சது. பழைய வீடுகள் எல்லாம் வெள்ளை, வெளிர் நீலம், காவி, மஞ்சள்னு நாலஞ்சு கலர்லயே இருக்கே, அந்தக் காலத்து ஆளுங்களுக்கு ரசனை கம்மியான்னு நான் நினைச்சதுண்டு. உண்மையில அது சுண்ணாம்பு போட்ட நிபந்தனை. ஈரச் சுண்ணாம்பு கடுமையான காரம். பல சாயங்கள் அதுல விழுந்தா நிறம் செத்துப் போகும். தாங்குறது மண்ணுல கிடைக்கிற இரும்பு ஆக்சைடு வகை, அதாவது காவியும் மஞ்சள் மண்ணும். அப்புறம் அல்ட்ராமரின். இன்னொரு பிரபல நீலமான பிரஷ்யன் ப்ளூ, சுண்ணாம்புல நிக்காது. கோயில் மதில்ல காவி வெள்ளைப் பட்டை ஆரம்பிச்சு, எங்க வீட்டுத் திண்ணையோரக் காவி வரைக்கும் இந்தக் கணக்குதான்.

நடுவுல இருந்தது டிஸ்டம்பர்

அடுத்த அடுக்கு மஞ்சள் டிஸ்டம்பர். பெரியப்பா கல்யாணத்துக்கு அடிச்சதாம். டிஸ்டம்பர்ங்கிறது அடிப்படையில சாக்குக்கட்டி மாவும் பசையும் நிறமும். அதுல எண்ணெயைச் சேர்த்துக் கொஞ்சம் உறுதியாக்கினது பின்னாடி வந்தது.

இந்தியாவுல பெரிய அளவு பெயிண்ட் தொழிற்சாலை 1902-ல ஹவுராவுல ஆரம்பிச்ச ஷாலிமார். அப்போ பெயிண்ட் பெரும்பாலும் பாலம், கப்பல், ரயில், ஆபீஸ் கட்டடங்களுக்கான சரக்கு. 1942-ல, உலகப் போரால வெளிநாட்டுச் சரக்கு நின்னுபோன நேரத்துல, பம்பாய்ல நாலு நண்பர்கள் ஒரு காரேஜ்ல ஆரம்பிச்சதுதான் ஏஷியன் பெயிண்ட்ஸ். 1954-ல ஆர். கே. லக்ஷ்மண் அவங்களுக்கு ஒரு பையனை வரைஞ்சு கொடுத்தார். கையில பிரஷ், நெத்தியில விழுற முடி, கட்டுன்னு பேரு. சின்ன ஊர்க் கடைகள்ல மாட்டின தகரப் பலகையில அவனைப் பார்த்தவங்க இன்னும் இருக்காங்க. பெயிண்ட்ங்கிறது பணக்காரங்க சமாச்சாரம், நமக்குச் சுண்ணாம்புதான்னு நினைச்ச வீடுகளுக்குள்ள டிஸ்டம்பர் நுழைஞ்ச காலம் அது.

ஆனா அப்பவும் கடையில இருந்தது சில கலர்தான். ஃபேக்டரி என்ன கலர்ல டப்பா அனுப்புதோ அதுக்குள்ள எடுக்கணும். ஒரே தெருவுல பாதி வீடு ஒரே பச்சையில இருந்ததுக்குக் காரணம் இதுதான்.

கதவுல இருந்தது வேற

சுவரோட நிறுத்தியிருக்கணும். நான் உற்சாகமாகிக் கதவையும் சுரண்டினேன். பழைய எனாமல், பச்சை மேல நீலம், நீலத்துக்குக் கீழ ஆரஞ்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்கத் தூள் பறக்குது. அக்காவோட மூணு வயசுப் பொண்ணு பக்கத்துல உக்காந்து அந்தத் தூள்ல விரலால கோடு போட்டுட்டு இருக்கா. அப்போ ஊர்ல வேலைக்கு வர்ற பெயிண்டர் அண்ணன் உள்ளே வந்து, "தம்பி, பிள்ளையை முதல்ல தூக்குங்க"ன்னு சத்தம் போட்டார். அவர் சொன்னதுக்கப்புறம்தான் எனக்கு உறைச்சது.

ஈயம். பழைய எனாமல் பெயிண்டுல பளிச்னு வர்றதுக்கும் சீக்கிரம் காயுறதுக்கும் ஈயச் சேர்மங்கள் போட்டாங்க. குழந்தைகளோட மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். இந்த அளவு வரைக்கும் ஆபத்தில்லைன்னு சொல்ற மாதிரி ஒரு அளவே ஈயத்துக்குக் கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

இது தெரியாம நடந்த விஷயமும் கிடையாது. 1921-லயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, கட்டடங்களுக்கு உள்ளே அடிக்கிற பெயிண்டுல வெள்ளீயத்தைத் தடுக்க ஒரு உடன்படிக்கை போட்டுச்சு. அமெரிக்கா வீட்டுப் பெயிண்டுல ஈயத்தைத் தடை செஞ்சது 1978-ல. இந்தியாவுல வீட்டுப் பெயிண்டுல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி வந்தது 2016-ல, நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1-ம் தேதி. 1921-க்கும் 2017-க்கும் நடுவுல எத்தனை கதவு, எத்தனை ஜன்னல், எத்தனை தொட்டில்னு யோசிச்சுப் பாருங்க.

அதனால ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுல பழைய எனாமல் இருந்தா காய்ஞ்ச நிலையில தேய்க்காதீங்க. தண்ணி தெளிச்சு ஈரமாத் தேய்ங்க, குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வெளியே அனுப்புங்க, தூளைத் துடைப்பத்தால பெருக்காம ஈரத்துணியால துடைங்க. உரியாம நல்லா இருக்கிற பெயிண்டை அப்படியே விட்டுட்டு மேல அடிக்கிறது இன்னும் நல்லது. நான் அன்னைக்கே கதவு வேலையை நிறுத்திட்டேன். பாப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தோம், பிரச்சினை எதுவும் இல்லை. ரிசல்ட் வர்ற வரைக்கும் அக்கா என்கூட பேசல.

மேல இருந்தது என் அடுக்கு

இப்போ என் ஏழு டப்பாவுக்கு வருவோம். கடையில ஆயிரத்துக்கும் மேல கலர் இருக்குன்னு சொல்றாங்களே, அத்தனையையும் ஸ்டாக் வெச்சிருக்காங்களா? இல்லை. இருக்கிறது சில பேஸ், அதாவது வெள்ளையும் ஒளி ஊடுருவுற வகைகளும். கூடவே ஒரு மெஷின்ல சுமார் ஒரு டஜன் நிறக் குழம்பு. ஷேட் நம்பரை அடிச்சா, எந்தக் குழம்பு எத்தனை சொட்டுன்னு ஃபார்முலா வரும், மெஷின் ஊத்தும், இன்னொரு மெஷின் குலுக்கும். அப்பத்தா பானையில துளி நீலம் விட்டதும் இதுவும் ஒரே வேலைதான். வித்தியாசம், ஃபார்முலா அப்பத்தா கண்ணுல இருந்துச்சு, இப்போ டேட்டாபேஸ்ல இருக்கு.

பேஸ் வெள்ளையா இருக்கக் காரணம் டைட்டானியம் டைஆக்சைடு. 1916 வாக்குல நார்வேயிலயும் அமெரிக்காவுலயும் தொழிற்சாலைச் சரக்கா வந்துச்சு. வெள்ளீயத்தோட இடத்தை மெல்ல மெல்லப் பிடிச்சது இதுதான். எமல்ஷன்ங்கிறது தண்ணியில மிதக்கிற அக்ரிலிக் மாதிரியான பிளாஸ்டிக் துகள்கள். தண்ணி ஆவியானதும் துகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் படலமாகுது.

கடையில பார்த்த கலர் வீட்டுல வேற மாதிரி தெரியும், அது உங்க கண்ணோட குத்தம் இல்லை. கலர்ங்கிறது பாதி பெயிண்ட், பாதி வெளிச்சம். மூடுபனி நாள்ல அடுக்கத்துக்கு வர்ற வெளிச்சமே லேசான நீலம். அதுல என் 'கிரீம்' சாம்பிள் சாம்பலாத்தான் தெரிஞ்சது. அதனால சாம்பிள் வாங்கிப் பார்க்கிறது தப்பில்லை. சுவர்ல நேரா அடிக்காம ஒரு பெரிய அட்டையில ரெண்டு கோட் அடிச்சு, ரூம் ரூமா தூக்கிட்டுப் போய்ப் பாருங்க. ஏழு வேண்டாம், ரெண்டு போதும்.

என் சதுரங்கள் ஏன் கொப்புளம் கட்டுச்சு? மண் சுவர் மழைக்காலத்துல ஈரத்தை இழுக்கும், வெயில்ல விடும். சுண்ணாம்பு அந்த ஈரம் வெளியே போக விடுது. அதோட காரத்தன்மையில பூஞ்சையும் சுலபமா வராது. பிளாஸ்டிக் படலம் ஈரத்தை அடைச்சு வெச்சது. அடைபட்ட ஈரம் பெயிண்டைத் தள்ளிட்டு வெளியே வந்துச்சு. ஏழு கலர்ல எது சரின்னு நான் மூணு வாரம் யோசிச்சேன். அந்தச் சுவருக்கு ஏழுமே தப்பு.

மிச்சம் எங்க போகும்?

ஏழு டப்பாவுலயும் பாதிக்கு மேல மிச்சம். பின்னாடி ஓடையில கழுவி ஊத்திடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. மலையில ஊத்துறது எதுவும் ஊத்தின இடத்துல நிக்காது. கீழே யாரோ குடிக்கிற தண்ணிக்குத்தான் போகும்.

விதி என்ன சொல்லுதுன்னு தேடினேன். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள்ல 'வீட்டு அபாயக் கழிவு'ன்னு ஒரு வரையறை இருந்துச்சு. அந்தப் பட்டியல்ல முதல்ல வந்தது தூக்கிப் போட்ட பெயிண்ட் டப்பா. அதே வரியில கொஞ்சம் தள்ளி, உடைஞ்ச பாதரசத் தெர்மாமீட்டர்.

கொடைக்கானல்காரங்க யாரும் இந்த ரெண்டாவது சொல்லைச் சும்மா கடந்து போக முடியாது. 1980-கள்ல அமெரிக்காவோட வாட்டர்டவுன்ல இருந்து ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலையைப் பிரிச்சுக் கொண்டுவந்து கொடைக்கானல்ல வெச்சாங்க. பாண்ட்ஸ் கம்பெனியோடது, பின்னாடி ஹிந்துஸ்தான் லீவர்கிட்ட வந்துச்சு. 2001 மார்ச்ல மூஞ்சிக்கல்ல ஒரு பழைய இரும்புக் கடையில பாதரசம் ஒட்டின உடைஞ்ச கண்ணாடி டன் கணக்குல கிடக்கிறதை ஊர்க்காரங்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் வெளியே கொண்டுவந்தாங்க. ஆலை மூடப்பட்டுச்சு. 2003-ல சுமார் 290 டன் கழிவு திரும்ப அமெரிக்காவுக்கே கப்பல் ஏறுச்சு. 2016-ல 591 முன்னாள் தொழிலாளர்கள் தரப்போட கம்பெனி உடன்பாடு போட்டுச்சு. எவ்வளவு சுத்தம் பண்ணா போதும்ங்கிற சண்டை அதுக்கப்புறமும் ஓடுச்சு. அந்த ஆலை நின்ன மேட்டுக்குக் கீழ பாம்பார் சோலை. பாம்பாறு இறங்கி வர்ற இடம்தான் நாம குளிக்கப் போற கும்பக்கரை.

என் 200 மி.லி. டப்பாவை அந்த ஆலையோட சமமா வெக்கல. ஆனா பெயிண்டுக்கும் பாதரசத்துக்கும் நேரடி உறவே இருந்திருக்கு. தண்ணி பெயிண்ட் கெட்டுப் போகாம இருக்க ஒரு காலத்துல பாதரசச் சேர்மம் கலந்தாங்க. 1989-ல மிச்சிகன்ல வீட்டுக்குள்ள புதுசா பெயிண்ட் அடிச்சதுக்கு அப்புறம் ஒரு 4 வயசுப் பையனுக்குப் பாதரச விஷம் ஏறுச்சு. அதுக்கப்புறம்தான் 1990-ல அமெரிக்கா உள்சுவர்ப் பெயிண்டுல பாதரசத்தை நிறுத்துச்சு.

அந்த 2016 விதிப்படி, நகரங்கள்ல 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு அபாயக் கழிவுச் சேகரிப்பு மையம் இருக்கணும்னு இருந்துச்சு. நகரங்கள்லன்னுதான் எழுதியிருந்துச்சு. டப்பா மட்டும் கிராமத்துக்கும் வருது. அமெரிக்காவோட ஒரிகன் மாநிலம் 2010-ல இருந்து மிச்ச பெயிண்டைத் திரும்ப வாங்க ஒரு திட்டம் வெச்சிருக்கு. செலவு புது டப்பா விலையிலேயே சேர்ந்துடும். கடையில கலர் கலக்குற மெஷின் ஊர் ஊருக்கு வந்துடுச்சு. திரும்ப வாங்குற வாளி ஒண்ணு அது பக்கத்துல வைக்கிறது பெரிய டெக்னாலஜி ஒண்ணும் கிடையாது.

நான் கடைசியில பண்ணது இதுதான். நாலு வெள்ளை வகையையும் ஒண்ணாக் கலக்கினேன், பேர் இல்லாத ஒரு கலர் வந்துச்சு. பின்னாடி ஹாலோ பிளாக் ரூம் சிமெண்ட் பூச்சு, ஈரம் ஏறாத சுவர். அங்க ஒரு பக்கத்துக்கு முதல் கோட்டா அது போச்சு. நீலமும் செங்கல் கலரும் அதே ரூம் அலமாரிக்கு. பச்சை கட்டி தட்டிப் போச்சு. மரத்தூள்ல கொட்டிக் கிளறி, முழுசாக் காயவிட்டு, டப்பாவோட தனியாக் கட்டி வெச்சிருக்கேன். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது மாநகராட்சி மையத்துல கொடுக்கணும். பிரஷ்ஷை முதல்ல பேப்பர்ல துடைச்சுட்டு, ஒரே வாளித் தண்ணியில கழுவி, அடியில தங்கினதைக் காயவிட்டேன். ஷேட் நம்பர் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துட்டேன், அதனால 'பின்னாடி தேவைப்படும்'னு டப்பாவை வருஷக்கணக்கா வைக்க வேண்டியதில்லை.

முன் ரூமுக்குச் சுண்ணாம்புதான். அடிக்கிறது லேசான வேலையில்லை. கண்ணுல தெறிச்சா ஆபத்து, கை வெடிச்சிடும், சட்டையில ஒட்டும், ஒண்ணு ரெண்டு வருஷத்துல திரும்ப அடிக்கணும். வருஷா வருஷம் அதை அடிச்ச கைகளைப் பத்தி யாரும் எபிசோட் போட்டதில்லை. நான் கண்ணாடி, கையுறை போட்டுட்டுத்தான் அடிச்சேன்.

முடிச்சப்போ அரைப் பானை சுண்ணாம்பு மிச்சம். "இதை என்ன பண்றது அப்பத்தா?"ன்னு கேட்டேன். "மேல தண்ணி நிக்கிற மாதிரி ஊத்தி மூடி வையி. அடுத்த வருசம் இன்னும் நல்லா வெண்ணெயா இருக்கும்"னுச்சு. அது உண்மை. தண்ணிக்கடியில இருக்கிற சுண்ணாம்பு நாளாக நாளாகப் பதமாகும். மூணு வருஷமாவது ஆகாத சுண்ணாம்பைப் பூச்சு வேலைக்கு எடுக்கக் கூடாதுன்னு பழைய ரோமானியச் சட்டம் இருந்ததா பிளினி எழுதியிருக்கார்.

அப்பத்தாவுக்குக் கலர் செலக்ஷன் பானைக்குள்ள நடந்துச்சு. பிடிக்கலைன்னா இன்னொரு துளி. எனக்கு அது கடையில நடக்குது. பிடிக்கலைன்னா இன்னொரு டப்பா. என் ஸ்ப்ரெட்ஷீட்ல விலை, ஷேட் நம்பர், வெளிச்சம்னு எல்லாத்துக்கும் காலம் இருந்துச்சு. மிச்சம் எங்க போகும்னு ஒரு காலம் இல்லை. இப்போ சேர்த்துட்டேன்.

உங்க வீட்டு லாஃப்ட்ல எத்தனை பெயிண்ட் டப்பா இருக்குன்னு இன்னைக்கு ஏறிப் பாருங்க, என்ன கலர்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.